சனிக்கிழமை என்று எழுதியிருந்தாய்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. செகந்திராபாத்திலிருந்து ஒரு கடிதம் தேனிக்கு வர ஐந்து நாள் எடுக்கிறது. அந்த ஐந்து நாளில் உனக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, குணமாகி வீடு திரும்புவது வரைக்கும் நான் இங்கே உட்கார்ந்தபடியே நினைத்து முடித்துவிடுகிறேன். கடிதத்தைப் பிரித்தால் நீ சினிமாவுக்குப் போனதை எழுதியிருப்பாய். இந்தத் தடவை நான் காத்திருந்தது வேறு விஷயத்துக்கு. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் கேட்டிருந்தேன். அச்சாபீசில் எல்லாருக்கும் போடுகிற அதே வாசகம் வேண்டாம், நீயே நாலு வரி எழுது, சுகந்தி வீட்டாரும் சந்தோஷப்படுவார்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ போட்ட பதில் இதுதான்: "நீயே எழுதிரும்மா. எனக்கு எழுத்து வராதுன்னு அந்தப் போடி விஷயத்துலயே தெரிஞ்சு போச்சே." விளையாட்டாகத்தான் எழுதியிருக்கிறாய், எனக்குத் தெரியும். பக்கத்திலேயே ஒரு சிரிக்கிற மூஞ்சியும் வரைந்திருக்கிறாய். ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போடி விஷயத்தில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷமாக அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், பேரம் பேசினேன், சண்டை போட்டேன். உன் அந்த ஒரு வரி வந்த பிறகு முடியவில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ சுகந்தியிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான். வீட்டுக்கு வரப்போகிற பெண், மாமியார் எப்படிப்பட்டவள் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளட்டும்.

உன் அப்பா சினிமாக் கொட்டகையில் மேனேஜராக இருந்தவர். படம் தொடங்கும் முன்னால் திரையில் காட்டுவார்களே விளம்பர ஸ்லைடு, அந்தக் கண்ணாடித் துண்டுகள் நம் வீட்டு அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கும். அவர் போன பிறகு எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அந்தக் கண்ணாடியில் கலர் மையால் எழுதுவதுதான். கொட்டகை முதலாளியிடம் போய் ஸ்லைடு கான்ட்ராக்டை எனக்கே கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். கணவன் போன துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். என் தொல்லை தாங்காமல்தான் கொடுத்தார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ அப்போது மதுரையில் காலேஜில் இருந்தாய், இதெல்லாம் உனக்குக் கடிதத்தில்தான் தெரியும்.

பிறகு எஸ்தர் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, தலைமை ஆசிரியரோடு ஒத்துப்போகாமல் விட்டுவிட்டு வந்தவள். அவள் குரலைக் கேட்டால் ரோட்டில் போகிற மாடுகூட நின்று கேட்கும். போர்டு எழுதுகிறவர் மகள் பாக்கியம் படம் போட வந்தாள். உரக்கடை மாடியில் ஒரு அறை பிடித்து, 'மங்கை விளம்பரம்' என்று பலகை மாட்டினோம். கீழே யூரியா மூட்டை வாசம், மேலே நாங்கள் மூன்று பேர். பெண்கள் வாங்கும் பொருளுக்குப் பெண்களே விளம்பரம் என்று நோட்டீஸ் அடித்துக் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் கொடுத்தோம். இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் விளம்பரம் என்றால் தங்கள் பெயரைப் பெரிதாகவும் தங்கள் அப்பா பெயரை அதைவிடப் பெரிதாகவும் போடுவார்கள். தேவாரத்துப் பாத்திரக்கடைக்காரர் 'உயர்தரம், நியாய விலை' என்று எழுதிக்கொண்டு வந்தார். நான் அதை அடித்துவிட்டு, 'மூடி கழன்று விழாத தூக்குவாளி' என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம். தீபாவளிக்குள் அவர் கடையில் ஒரு தூக்குவாளிகூட மிச்சமில்லை. ஓடைப்பட்டியில் திராட்சை பறிக்கப் போகிற பெண்கள் எங்கள் விளம்பர ஆட்டோவில் எஸ்தர் குரல் கேட்டால் வேலியோரம் வந்து நிற்பார்கள். அவள் சாமானைப் பற்றி மட்டும் பேச மாட்டாள், பக்கத்தில் நின்று பேசுகிறவள் போல் "ஏத்தா, வெயில்ல நிக்காதீக" என்றும் மைக்கிலேயே சொல்லுவாள்.

எனக்குக் கர்வம் வந்தது, தம்பி. அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆண்கள் எழுத முடியாததை நாங்கள் எழுதுகிறோம் என்ற கர்வம். அது உண்மையும்கூட. ஆனால் உண்மையை எந்த நேரத்தில் எதற்காகச் சொல்கிறோம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை நான் பிறகுதான் கற்றேன். நீ நாளைக்குக் குடும்பம் நடத்துகிறபோது உன் பக்கம் நியாயம் இருக்கிற சண்டைகளில்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். நியாயம் இல்லாத சண்டையில் நாமே கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவோம்.

அப்புறம் கொடைக்கானல் மலையில் டி.வி. டவர் வந்தது. அதற்கு முன்னால் வீட்டுக்கு மேல் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு, காற்று நல்லபடியாக இருந்தால் இலங்கை டி.வி.யைப் பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே மாதத்தில் படம் கண்ணாடி போலத் தெரிகிறது என்று துள்ளினார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம். அந்த இரண்டு நாளும் கொட்டகையில் ஈ ஓட்டினார்கள். ஆளில்லாத கொட்டகையில் ஸ்லைடு காட்டச் சொல்லி எந்தக் கடைக்காரன் கொடுப்பான்? ஒவ்வொருவராக நின்றார்கள். மாடி அறையை விட்டுவிடலாமா என்று நானும் எஸ்தரும் பேசத் தொடங்கினோம். பாக்கியம் பழைய ஸ்லைடுகளைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். அவள் அப்பா கை நடுங்கி பிரஷ்ஷைக் கீழே வைத்த வருஷம் அது, அவள் வரைந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

அப்போதுதான் போடி அண்ணாச்சி ஆளனுப்பினார். 'கொண்டைப்பூ சீயக்காய்த்தூள்' அவருடையது. இரண்டு வருஷமாக எங்கள் ஸ்லைடு போட்டவர். டி.வி.யில் இருபது விநாடி விளம்பரம் கொடுக்கப்போகிறேன், படம் மெட்ராஸில் எடுத்துக்கொள்ளலாம், என்ன கதை, என்ன வசனம் என்று நீங்கள் சொல்லுங்கள், மதுரையில் ஒரு விளம்பர ஏஜென்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் வாருங்கள், எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அந்த மதுரை ஏஜென்சி எது என்று எனக்குச் சனிக்கிழமை சாயந்திரம் நீ ஒரு நீலக் கலர் ஃபைலோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. நீ அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளூர்ப் பையன் என்று உன்னையே எழுதச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் நாம் இரண்டு பேரும் சிரித்தோம், நினைவிருக்கிறதா? நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மா மகன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் இரண்டு பக்கமும் சந்தேகப்படுவார்கள் என்று முடிவு செய்தோம். சாப்பிட்டுவிட்டு நீ ஃபைலை எடுத்து என் முன்னால் நீட்டினாய். "ஒரே ஒரு தடவ படிச்சிப் பாரும்மா. எப்பிடி இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றாய். நான் கையை இழுத்துக்கொண்டேன். "வேண்டாம்யா. நீ ஒரு பக்கம் நிக்கிற, நான் ரெண்டு பொம்பளைகளோட இன்னொரு பக்கம் நிக்கிறேன். பாத்தா நல்லாருக்காது" என்றேன். நீ என்னை அப்படி ஒரு பெருமையோடு பார்த்தாய். மதுரையில் உன் சிநேகிதர்களிடமெல்லாம் எங்க அம்மா இப்படிச் சொன்னாள் என்று சொன்னதாக நீயே பிறகு எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் இரண்டாவது தடவை எடுத்துப் படிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ முடி வெட்டிக்கொள்ளப் போனாய். ஃபைல் தையல் மெஷின் மேல் இருந்தது. நான் அதைத் திறந்து படித்தேன்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருஷமும் மூன்று காகிதமும் ஆகியிருக்கிறது. எப்படித் திறந்தேன் என்று கேட்டால், தூசி தட்டுகிற மாதிரி எடுத்தேன், தட்டுகிற மாதிரியே திறந்தேன். யாரும் இல்லாத வீட்டில் யாருக்காக அந்த நடிப்பு என்று தெரியவில்லை. உள்ளே இரண்டு காட்சி எழுதியிருந்தாய். முதல் காட்சியில் ஒரு அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துக் குளித்து, வெயிலில் முடியைக் காயவைக்கிறாள். சனிக்கிழமை காலை என்று மேலே எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். அவளே சொல்லுவதாக வசனமும் இருந்தது, 'சனிக்கிழமை ஆனா எங்க வீட்டுல எண்ணெய்க் குளியல்' என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கத்தில் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும். எழுத்து வாசனை இல்லாத பெண்ணுக்குக்கூட இது தெரியும். தாலி கட்டின எந்தப் பெண்ணும் சனிக்கிழமை தலையில் எண்ணெய் வைக்க மாட்டாள். நீ எப்படி அப்படி எழுதினாய் என்று யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை நான் குளிக்கிற நேரத்தில் நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய். உனக்கு அக்கா தங்கச்சியும் கிடையாது. சனிக்கிழமை லீவில் உன்னைப் பிடித்து உட்காரவைத்து நான் தேய்ப்பதுதான் உனக்குத் தெரிந்த சீயக்காய். அதனால் உன் மனசில் அம்மா என்றால், எண்ணெய் என்றால், சனிக்கிழமைதான்.

இரண்டாவது காட்சியையும் படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன், கடைசியில் எழுதுகிறேன். சொல்லக் கஷ்டமானதைப் பின்னால் தள்ளுவது என் பழக்கம்தானே.

நீ கிராப்பு வெட்டிக்கொண்டு, கழுத்தெல்லாம் பவுடரோடு திரும்பி வந்தாய். நான் இட்லி எடுத்துவைத்தேன். 'தம்பி, அந்தச் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை ஆக்கிவிடு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால், படித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்று அவ்வளவு பெருமையோடு பார்த்த பிள்ளையிடம், நீ அந்தப் பக்கம் போனதும் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? நான் எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நான் படிக்கவில்லை என்றால் சொல்லியிருக்க முடியாது, ஆகவே படிக்காதவளாகவே நடந்துகொள்கிறேன், அதுதான் முறை என்று. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார். எஸ்தர் முகமும் பாக்கியம் முகமும் கண் முன்னால் வந்தன என்றும் சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் அவர்களை முன்னால் நிறுத்தி நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். ஜெயிக்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது.

சும்மா இருந்ததோடு நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு நீளத்துக்கு எழுத வேண்டியிருக்காது. திங்கட்கிழமை போடியில் அண்ணாச்சி வீட்டு முன்ஹால் உனக்கு நினைவிருக்கும். புது டி.வி.க்குப் பூப்போட்ட துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பக்கம் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர், பாக்கியம் வரைந்த அட்டைகள், எஸ்தர் பேசிப் பதிவு செய்த டேப் ரெக்கார்டர். எதிரே நாற்காலியில் நீ, டை கட்டின உன் மேனேஜர். அறியாதவர்களைப் பார்ப்பது போல் நீ எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னாய். எஸ்தர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அண்ணாச்சி மட்டும் கேட்டு முடிவு செய்வதாக இருந்தது. அவர் ஏலக்காய் வியாபாரத்தில் ஊறின மனுஷன், சீயக்காயை மூட்டைக் கணக்கில் தெரியும், தலையில் தேய்க்கிற கணக்கில் தெரியாது. சனிக்கிழமை என்று நீ படித்தால் அவர் காதில் சாதாரணமாகத்தான் விழும், ஏனென்றால் அவரும் சனிக்கிழமை குளிக்கிறவர்தான். எனக்கு அது புரிந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, இது பொம்பளைக தேய்க்கிற சாமான். வீட்டுல அம்மாவும் வந்து கேக்கட்டுமே. நாளைக்கு டி.வி.யப் பாத்து வாங்கப் போறது அவுகளப் போல உள்ளவுகதான?"

நான் கேட்டது உனக்குத் தெரியும், நீ அங்கேதான் இருந்தாய். அம்மா கெட்டிக்காரி, தன் கம்பெனிக் கொள்கையைச் சமயம் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாய். உன் மேனேஜரும் நல்ல யோசனை என்று தலையாட்டினார். ஏன் கேட்டேன் என்பதுதான் உனக்குத் தெரியாது. உன் சனிக்கிழமைக்காகத்தான் அந்த அம்மாவை நான் கூப்பிடச் சொன்னேன்.

அண்ணாச்சியின் மனைவி வந்து கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் முதலில் சொல்லட்டும் என்றார் அண்ணாச்சி. நீ எழுந்து நின்று படித்தாய். குரல் நடுங்காமல் படித்தாய், பாவி, எவ்வளவு நன்றாகப் படித்தாய். முதல் காட்சியில் அந்த வசனம் வந்ததும் அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். உனக்குப் புரியவில்லை, நிறுத்தினாய்.

"ஏங்க, இது யாரு வீட்டுப் பொம்பளைங்க, சனிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிக்கிறாக? இத டி.வி.ல போட்டா ஊரே சிரிக்கும். உங்க பொஞ்சாதியும் அப்பிடித்தானான்னு என்னயக் கேப்பாக."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் சிரித்தார். உன் மேனேஜர் என்ன என்று உன்னைப் பார்த்தார். நீ முகம் சிவந்து, "இல்லம்மா, எங்க வீட்டுல..." என்று தொடங்கி, நிறுத்தி, ஒரே ஒரு விநாடி என்னைப் பார்த்தாய். உன் வீடு என்பது நான்தானே. வேறு யாரைப் பார்ப்பாய்? அந்த ஒரு விநாடியில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "ஆம்பளைக எழுதுனா இப்பிடித்தாங்க இருக்கும்" என்று சொன்னேன். எல்லாரும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அண்ணாச்சி கையைக் காட்டி, போதும் தம்பி, உக்காருங்க என்றார். இரண்டாவது காட்சியை நீ படிக்கவே இல்லை. ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் எங்கள் அட்டைகளைக் காட்டி முடிக்கிற வரைக்கும் மரியாதையாக உட்கார்ந்திருந்தாய்.

வெள்ளிக்கிழமை, மாடியில் முடி காயவைக்கிற மூன்று பெண்கள், பக்கத்து மாடிக்காரி எந்தத் தூள் என்று கேட்கிறாள், இவள் சொல்கிறாள். அதுதான் எங்களுடையது. தப்பு ஒன்றும் இல்லை அதில். அந்த அம்மா, "இதான் சரியா இருக்கு" என்றார்கள். வேலை எங்களுக்கு வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீ முன்னால் உன் மேனேஜரோடு, நான் பின்னால். அவர் வழியெல்லாம் உன்னைத் திட்டுவது அவர் தலை ஆடுவதில் தெரிந்தது. சாயந்திரம் நீ வீட்டுக்கு வந்து, "உங்க ஆளுக நல்லாப் பண்ணுனாகம்மா" என்று என்னைப் பாராட்டிவிட்டு, கைகால் கழுவி உட்கார்ந்தாய். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். விடுய்யா, ஒரு கிழமைதானே, யாருக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டே குழம்பு ஊற்றினேன். நீ சிரித்துக்கொண்டே சாப்பிட்டாய். ஒன்றரை மாதத்தில் வேலையை விட்டாய். எழுத்தெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா என்று மருந்துக் கம்பெனிக்கு எழுதிப்போட்டு, செகந்திராபாத் போனாய். நானும் நல்ல நிரந்தர வேலை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். ரயில் ஏற்றிவிட்டபோது அழுதேனே, பிரிவு என்று நீ நினைத்திருப்பாய்.

எங்கள் விளம்பரமும் டி.வி.யில் வந்தது. வெள்ளிக்கிழமை பாட்டுக்கு நடுவில். உரக்கடைக்காரர் வீட்டில் தெருவே கூடியிருந்தது. பாக்கியம் வரைந்த முகம் ஒன்றுகூட அதில் இல்லை. எஸ்தர் குரலுக்குப் பதிலாக மெட்ராஸில் யாரையோ வைத்துப் பேசியிருந்தார்கள், நம் ஊர்ப் பேச்சே இல்லாமல், 'கேட்டாங்க, சொன்னாங்க' என்று. எஸ்தர், "பரவால்லக்கா, கத நம்மளுதுதான?" என்றாள். அந்த ஒரு வேலையால் இன்னும் இரண்டு பேர் டி.வி.க்கு எங்களைத் தேடி வந்தார்கள். மாடி அறை இருக்கிறது, பாக்கியம் வரைகிறாள். ஆகவே நான் செய்ததில் எல்லாமே கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல முடிந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

உனக்கு எழுதும் முன்னால் எஸ்தரிடம் சொன்னேன். அவளுக்கும் அது தெரிய வேண்டும் அல்லவா? அவள் முழுசாகக் கேட்டாள். "அப்ப நாம ஜெயிக்கலயாக்கா?" என்றாள். இரண்டு நாள் என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க எங்களுக்காகப் பண்ணுனீகளோ உங்களுக்காகப் பண்ணுனீகளோ, அத விடுங்க. அந்தப் பிள்ள அங்கன உக்காந்துகிட்டு எனக்கு எழுத்து வராதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே, அத மொதல்ல எடுங்க" என்றாள். வேறு எவரும் என்னை இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். சுகந்தியும் டெலிபோன் ஆபீசில் வேலைக்குப் போகிறவள். இரண்டு பேரும் இரண்டு திசையில் போய்விட்டுச் சாயந்திரம் ஒரு வீட்டுக்குத் திரும்புவீர்கள். ஒருவர் ஜெயிக்கிற நாளில் இன்னொருவர் தோற்றிருக்கலாம். அவள் செய்வதில் உனக்கு ஒரு தப்பு தெரிந்தால், அவள் கேட்காவிட்டாலும், நீ எப்படித் தெரிந்துகொண்டாய் என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும், அன்றைக்கே சொல்லிவிடு. கோபப்படுவாள், ஒரு நாளில் போய்விடும். நான் உன் முன்னால் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டேன். நல்லவள் என்று பெயர் வாங்கிய பிறகு அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் எல்லாப் பொய்யும் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணாச்சி வீட்டில் ஜெயித்ததற்காக மட்டும் என்றால் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், போட்டி என்றால் போட்டிதான். உன் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆறுதல் சொன்னேனே, அதற்குக் கேட்கிறேன். நீ என் மேல் கோபப்படு, நேரில் வந்து கத்து. கோபத்தில் கடிதம் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே, என்னால் தாங்க முடியாது.

இப்போது அந்த இரண்டாவது காட்சி. உன்னிடம் காகிதம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு மனப்பாடம். அம்மா சின்னப் பையனைப் பலகையில் உட்காரவைத்துச் சீயக்காய் தேய்க்கிறாள். கண்ணை மூடிக்கோ, பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும் என்கிறாள். ஒன்று, இரண்டு என்று வேகமாக எண்ணுகிறாள். ஏழு வந்ததும் ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால் என்று இழுக்கிறாள். பையன் கண்ணை மூடிக்கொண்டே, "எட்டே வராதாம்மா?" என்கிறான். அம்மா சிரித்துக்கொண்டே, "கண்ணு எரியலைல்ல? அப்புறம் என்ன அவசரம்?" என்கிறாள். அவன் மெதுவாகக் கண்ணைத் திறக்கிறான், எரியவில்லை, எதிரே அம்மா முகம். அவ்வளவுதான். சீயக்காயைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை. அப்படித்தான் நான் உனக்கு எண்ணுவேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தையல் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே அழுதேன். மேலே இருந்த சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை ஆக்கி, இங்கே 'மறுநாள்' என்று ஒரு சொல் போட்டிருந்தால் போதும். அந்த அம்மா முழுசாகக் கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் எங்கள் அட்டைகளை யாரும் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உன்னுடையது எங்களுடையதைவிட நன்றாக இருந்தது, தம்பி. அது தெரிந்ததால்தான் நான் அந்த அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

உன் அம்மா.